மறைந்து வந்த ஐ

மாமா ஹாலில் தூங்குகிறார். அவருடைய சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள். அதில் நாலு வரிப் பாட்டு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பாட்டு என்று மாமா நம்பிக்கொண்டிருக்கிறார். அதை எழுதினது நான். போன வருஷம், முக்கால் மணி நேரத்தில்.

அம்மாவைத் தவிர யாருக்கும் இது தெரியாது என்று இன்று மத்தியானம் வரைக்கும் நினைத்திருந்தேன். அம்மாவிடம் சொன்னதே நேற்றுத்தான். இன்று மாமாவுக்கு வேலை போய்விட்டது. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் காலையில் எனக்கே எது முதலில் நடந்தது என்று குழம்பிவிடும்.

அம்மாவுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிற வேலை. கம்பெனி கம்பெனியாகப் போய், மேலாளர்களை வட்டமாக உட்காரவைத்து, 'பழம்பாட்டில் தலைமைப் பண்பு' என்று இரண்டு மணி நேரம் பேசுவாள். நன்றாகவே பேசுவாள். ஆனால் பழம்பாட்டைப் படிக்கத் தெரியாது. அவள் படித்தது கணக்குப் பதிவியல். நான் ஆறாவதிலிருந்து ஒப்புவித்தல் போட்டிக்குப் போகிறவள். உரையை வைத்துக்கொண்டு கடினமான பாட்டையும் பிரித்துவிடுவேன். அதனால் அம்மா தலைப்பைச் சொல்வாள், பாட்டை நான் தேடிக் கொடுப்பேன். கோபத்துக்கு ஒன்று, நேரம் தவறாமைக்கு ஒன்று, குழுவாக உழைப்பதற்கு ஒன்று.

ஒரு தடவை 'வாடிக்கையாளர் மனநிறைவு' என்று கேட்டாள். எதுவும் கிடைக்காமல், தலைவி தலைவனுக்காக ராத்திரி முழுக்கக் காத்திருக்கிற காதல் பாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். 'தலைவன்' என்ற சொல் இருந்ததால் முப்பது மேலாளர்களும் குறிப்பெடுத்துக்கொண்டார்களாம். அன்றைக்கு நானும் அம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

மாமா அம்மாவின் தம்பி. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஒரு சலவை ஆலையில் எட்டு வருஷமாக மெக்கானிக். அந்த ஆலையின் முதலாளியை எல்லோரும் பெரியய்யா என்பார்கள். அவருக்குப் பழைய இலக்கியம் என்றால் உயிர். அறை நிறையத் தோல் அட்டை போட்ட புத்தகங்கள். திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் கூட்டி நிறுத்தி ஒரு பாட்டுச் சொல்லிவிட்டுத்தான் இயந்திரத்தையே ஓடவிடுவாராம். அவரிடம் போய், எங்கள் அக்கா இந்த மாதிரி வகுப்பு எடுக்கிறாள் என்று சொல்லி அம்மாவை உள்ளே சேர்த்தது மாமாதான்.

முதல் வகுப்புக்கு முந்தின நாள் அம்மா கேட்டது இது: "தலைவன் கீழ இருக்கறவங்க பேச்சைக் காது குடுத்துக் கேக்கணும். அந்த மாதிரி ஒண்ணு எடு. பெரியய்யாவே வந்து உக்காரப் போறாரு. சப்பையா இருக்கக் கூடாது."

தேடினேன். யானை கொடுத்த அரசன் கிடைத்தான், மதிலை இடித்த அரசன் கிடைத்தான். தனக்குக் கீழே வேலை செய்கிறவனைக் கூப்பிட்டு வைத்து, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்ட அரசன் அன்றைக்கு என் கையில் சிக்கவில்லை. இருந்திருக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை. நானே எழுதிவிட்டேன். முதல் மூன்று வரியில் கடல், பனிமூட்டம், கலம் எல்லாம் வரும். கடைசி வரி:

தொழிலோர் தலைவன் கேட்டல் கடனே.

தொழில் செய்கிறவர்களைத் தலைவன் கேட்பது அவன் கடமை. இதுதான் நான் நினைத்த பொருள். 'தொழிலோரைத் தலைவன்' என்றுதான் முதலில் எழுதினேன். அப்படிச் சொன்னால் சீர் நீண்டு, காதில் இடறியது. அதனால் ஐயைத் தூக்கிவிட்டேன். பழம்பாட்டில் வேற்றுமை உருபு மறைந்து வருவது சகஜம். பரீட்சையில் 'ஐ உருபு மறைந்து வந்துள்ளது' என்று எழுதி எத்தனையோ முறை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அடியில் ஒரு கோடு போட்டு, பழம்பாடல் என்று எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். எதிலிருந்து எடுத்தது என்று அவள் கேட்கவில்லை. வழக்கமாகவே கேட்க மாட்டாள்.

பெரியய்யாவுக்குப் பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரே வாரத்தில் ஆலையின் கூட்டம் நடக்கிற சுவரில் ஆள் உயரத்துக்குப் பலகை எழுதி மாட்டிவிட்டார்.

அந்த வாரம் மாமா வீட்டுக்கு வந்தார். என்னை அவர் புலவரே என்றுதான் கூப்பிடுவார், கிண்டலாக.

"என்னங்க புலவரே, எங்க சுவத்துல ஏதோ எழுதி வெச்சிருக்காங்க. தலைவன்னு இருக்கு, கடன்னு இருக்கு. முதலாளி எங்கயாவது கடன் வாங்கிட்டாரா?"

கடன் என்றால் இங்கே கடமை என்று சொன்னேன். தொழிலாளி சொல்வதை முதலாளி கேட்க வேண்டும் என்பதுதான் பாட்டு என்றேன். மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"நிஜமாவா? அத்தனை வருஷம் முன்னாடியேவா சொல்லியிருக்காங்க?"

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். மாமா தன் பெயருக்கே கடிதம் வந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு தாளில் எழுதிக் கொடு என்றார். எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அது அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

அந்த ஆலையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட ஒரு பெரிய உருளை உண்டு. உள்ளே நீராவி ஓடும். இரண்டு பெண்கள் ஈரத் துணியின் இரண்டு முனையையும் பிடித்து நீட்டினால் உருளை இழுத்துக்கொள்ளும். உருளைக்கு முன்னால், கை போகிற இடத்தில், மெல்லிய தடுப்புக் கம்பி ஒன்று குறுக்கே இருக்கும். விரல் அதில் பட்டால் போதும், உருளை நின்றுவிடும். ஆனால் துணி சுருண்டு வந்து அதில் பட்டாலும் நிற்கும். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை நிற்குமாம். அதனால் யாரோ மேலிருந்து சொல்லி, தடுப்பை அசையாமல் கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டார்கள். மாமா காலையில் வந்து அவிழ்ப்பார். மத்தியானம் திரும்பக் கட்டியிருப்பார்கள். மறுபடி அவிழ்ப்பார். இரண்டு மாதம் இந்தக் கண்ணாமூச்சி நடந்தது. பிறகு ஒரு நாள் துணி நீட்டுகிற அக்கா ஒருத்திக்கு நடுவிரல் நுனி வெந்து நகம் போய்விட்டது.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து விருந்தாளிகள் நாலு பேர் வந்திருந்தார்கள். பெரியய்யா பேசி முடித்து, வேறு ஏதாவது உண்டா என்று பேச்சுக்குக் கேட்டார். எங்கள் மாமா கையைத் தூக்கினார். தடுப்பைக் கட்டுவதைச் சொன்னார், வெந்த விரலைச் சொன்னார். அதோடு நிறுத்தாமல், பெரியய்யாவின் தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டி, "உங்க சுவத்துலயே போட்டிருக்கீங்க ஐயா, எங்களைக் கேக்கறது உங்க கடமைன்னு" என்றாராம். விருந்தாளிகளில் ஒருவர் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். பெரியய்யா முகத்தில் ஈயாடவில்லை.

மூன்றாம் நாள் மாமாவுக்கு விசாரணைக் கடிதம் வந்தது. நிறுவனத்தின் பண்பு நெறியை மீறினார், முன்னோர் பாடலைத் தவறாகப் பொருள் கொண்டு பொது இடத்தில் தலைமையை அவமதித்தார் என்று அதில் இருந்தது. பாட்டைக் கீழே முழுசாக அச்சடித்திருந்தார்கள். தலைவன் சொல்வதைத் தொழிலாளிகள் கேட்பது கடமை என்று பொருளும் போட்டிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஐயை எடுத்துவிட்டால் யார் யாரைக் கேட்க வேண்டும் என்பதே அந்த வரியில் இல்லை. தொழிலோர் தலைவனைக் கேட்டல் என்றும் படிக்கலாம். மாமா மட்டும் அசரவில்லை. "நல்லவேளை, தொழிலோர் தலைவன்னு சேர்த்துப் படிச்சு எங்களுக்கு ஒரு யூனியன் தலைவரைக் கண்டுபிடிக்காம விட்டாங்களே" என்று சிரித்தார். விசாரணையில் பாட்டைக் காட்டிப் பேசப் போகிறேன், அர்த்தம் சொல்ல என் அக்கா பெண் இருக்கிறாள் என்றார்.

நேற்றுச் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துணியை மறுபடி மறுபடி மடித்துக் கைக்குட்டை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்றாள்.

இல்லை என்றேன்.

"நாளைக்கு உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு பெரியய்யா. அங்க வாயத் தொறக்காத. இது வெளிய வந்தா ஒரு கம்பெனி என்னைப் படியேற விடாது. இந்த வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான், ஞாபகம் இருக்கா?"

மாமாவுக்கு வேலை போய்விடுமே என்றேன். பெரியய்யா நல்லவர், எச்சரித்து விட்டுவிடுவார் என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

விசாரணை மாடியறையில். கீழே துணி உலர்த்துகிற இயந்திரங்கள் ஓடுவதால் தரை சுட்டது. வெளுப்புக் காரத்தின் நெடி. மேஜைக்கு அந்தப் பக்கம் பெரியய்யா, பக்கத்தில் பணியாளர் அதிகாரி, ஓரத்தில் பண்புப் பயிற்சியாளர் என்று அம்மா. நான் சுவர் ஓரமாக ஒரு நாற்காலியில். மாமா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அந்தத் தாளைப் பிரித்துக் கையில் வைத்திருந்தார்.

பெரியய்யா ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. பாட்டுக்கு என்ன பொருள் என்று நினைத்தீர்கள் தம்பி என்று கேட்டார். முதலாளி எங்களைக் கேட்க வேண்டும் என்றுதான் ஐயா என்றார் மாமா. யார் சொன்னது என்று கேட்டார். மாமா என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"எங்க அக்கா பொண்ணு ஐயா. பழசெல்லாம் கரைச்சுக் குடிச்சவ."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

பெரியய்யா முதலில் அம்மாவிடம்தான் கேட்டார். அம்மா தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் திறந்தாள், திருகி மூடினாள். தொழிலோர் தலைவனைக் கேட்டல், அப்படித்தான் வகுப்பில் நடத்தினேன் என்றாள். அவள் வகுப்பில் நடத்தியது அதற்கு நேர் எதிர். அந்த வகுப்புக்குப் படம் போட்டுக் கொடுத்தவள் நான். மாமா அக்காவைப் பார்த்தார்.

"இப்ப நீ சொல்லு பாப்பா" என்றார் பெரியய்யா. "உனக்குத் தோணறதைப் பயப்படாம சொல்லு."

நான் எழுதினது என்று சொன்னால் அம்மா போனாள். தலைவன்தான் கேட்க வேண்டும் என்று சொன்னால் அம்மா பொய்க்காரி. அம்மா சொன்னதே சரி என்றால் மாமா போனார். கடைசியில் வகுப்பில் ஆசிரியர்கள் தப்பித்துக்கொள்ளச் சொல்கிற வாக்கியம்தான் வந்தது.

"ரெண்டு மாதிரியும் பொருள் கொள்ளலாம்."

மாமா நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

பெரியய்யா மெதுவாகத் தலையாட்டினார். "ரெண்டு மாதிரியும் எடுக்கலாம்னா, எந்த மாதிரி எடுக்கணும்னு முடிவு பண்றவன்தானே தலைவன்" என்றார். பணியாளர் அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

மொத்தம் பதினோரு நிமிஷம். எட்டு வருஷம் பதினோரு நிமிஷத்தில் முடிந்தது.

அம்மா ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மாமா தன் சாவிகளை ஒப்படைக்கக் கீழே போயிருந்தார். நான் நடையில் இருந்த கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். உருளை ஓடிக்கொண்டிருந்தது. தடுப்பில் கட்டுக்கம்பி, புதுசு, மினுமினு என்று. துணி நீட்டுகிறவர்களில் ஒருத்தி நடுவிரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தாள். அதை மட்டும் மடக்காமல் தனியாக நிமிர்த்தி வைத்துக்கொண்டு நீட்டினாள்.

பின்னால் பெரியய்யா வந்து நின்றார். டீ எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

"உயர்திணைக்கு ஐ மறையக் கூடாது. தெரியுமா உனக்கு?"

நான் கண்ணாடியை விட்டுத் திரும்பினேன்.

"மரம் வெட்டினான்னு சொல்லலாம். மரம் எழுந்து வந்து அவனை வெட்டாது. ஆனா ரெண்டு பக்கமும் மனுஷங்களா இருந்தா ஐயை விட மாட்டாங்க. விட்டா யார் யாரை வெட்டினான்னு தெரியாமப் போயிடும். பழைய ஆளுங்க அதுல ரொம்பக் கறார். அந்தக் கடைசி வரியைப் பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும், இது ஏதோ சின்னப் பிள்ளை வேலைன்னு. உங்கம்மாவுக்கு இவ்வளவு வராது."

அப்படியானால் ஏன் சுவரில் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"அழகா இருந்துது. எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்புது. உண்மையான பழம்பாட்டு அப்படித் திரும்பாதும்மா. நான் ஐம்பது வருஷமா படிக்கறேன், ராஜாவையே நிக்க வெச்சுக் கேள்வி கேக்கும். அதையெல்லாம் சுவத்துல மாட்ட முடியுமா?"

பிறகு திங்கட்கிழமைக்குள் பத்து வேண்டும் என்றார். விசுவாசம், சிக்கனம், நேரம், மேலதிகாரியிடம் பணிவு. தலைப்புகளை அம்மாவுக்கு அனுப்புவாராம். என் தலையில் கை வைத்தார். கை கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

"ஐயெல்லாம் விட்டே எழுது" என்றார்.

பஸ்ஸில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா நாலு வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். மாமா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தோளை இடித்தார், எப்போதும் போல.

"விடுங்க புலவரே. நீ என்ன பண்ணுவ, பாட்டு அப்படி இருக்கு. எழுதினவன் ஒரு எழுத்தை விட்டுட்டுப் போயிட்டான். சோம்பேறியா இருந்திருப்பான். இல்லன்னா எவனுக்காவது பயந்தவனா இருந்திருப்பான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சோம்பேறிதான் மாமா என்று சொல்லியிருக்கலாம். பயந்தது இன்றைக்குத்தான் என்றும் சொல்லியிருக்கலாம்.

வேலை போனதை அத்தையிடம் சொல்ல இன்று தெம்பில்லை என்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். அம்மா சாப்பாடு போட்டாள். இரண்டு பேரும் உப்பு, தண்ணீர் தவிர எதையும் பேசவில்லை. படுக்கும்போது மாமா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். காலையில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறாராம். அந்தத் தாளையும் கொண்டுபோகிறாராம். "ரெண்டு மாதிரியும்னா அதுல ஒரு மாதிரி நம்ம மாதிரிதானே. பழசை அவங்க தட்ட மாட்டாங்க." சொல்லிவிட்டு ஐந்து நிமிஷத்தில் குறட்டை விட்டுவிட்டார்.

அங்கே யாராவது விஷயம் தெரிந்தவர் இருந்தால் சிரிப்பார்கள். இல்லாவிட்டாலும் பெரியய்யா ஆள் அனுப்பி, இது எதிலிருந்து எடுத்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வைப்பார். மாமா வெந்த விரலைச் சொல்வார், கட்டுக்கம்பியைச் சொல்வார். அவர்கள் தாளைப் பார்த்துவிட்டு எல்லாமே கட்டுக்கதை என்பார்கள். இன்றைக்கு அவருக்குப் போனது வேலை மட்டும்தான். நாளைக்கு அவர் சொல் போய்விடும்.

மேஜையில் அம்மாவின் மடிக்கணினி திறந்திருக்கிறது. பத்துத் தலைப்பும் வந்துவிட்டது. உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது: முதல் தலைப்பைப் படித்ததுமே ஒரு வரி தானாக வந்துவிட்டது, சீர் பிசகாமல். அதைப் பார்த்துத்தான் எனக்கு அதிகப் பயம்.

மாமாவின் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வந்திருக்கிறேன். கடைசி வரியில் அந்த ஐயைச் சேர்க்கப் பார்த்தேன். லோவுக்கும் ர்க்கும் நடுவில் இடமே இல்லை. ஐக்கான கொம்பை இடுக்கிப் போட்டேன். ர் மேலிருந்த புள்ளியை எடுக்க வேண்டியிருந்தது. பிளேடால் சுரண்டினேன், தாள் அந்த இடத்தில் ஓட்டையாகிவிட்டது. இப்போது வாய்விட்டுப் படித்தால் வரி நொண்டுகிறது. ஆனால் யார் யாரைக் கேட்க வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை.

அடியில் பழம்பாடல் என்று இருந்ததை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். போன வருஷத் தேதியைப் போட்டேன். இதை அங்கே காட்டாதீங்க மாமா, விரலை மட்டும் சொல்லுங்க என்று எழுதினேன். மன்னிப்பு என்று எழுத வந்தது, எழுதவில்லை. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் யார் யாரை என்று தெளிவாகப் போட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

மடித்து, பையில் திரும்ப வைத்துவிட்டேன். மாமா பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் பையைத் தொட்டுப் பார்ப்பார். எப்போதும் தொட்டுப் பார்ப்பார். உள்ளறையில் அம்மா இருமுகிறாள். அவளும் தூங்கவில்லை.